அந்தக் கதவு யார் கணக்கு

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் 'கம்ப்யூட்டரில்' என்று சொல்லி முடித்துக்கொள்வது என் வழக்கம். கல்யாண வீடுகளில் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. நீங்கள் கேட்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். என் வேலையைப் பற்றி இவ்வளவு பொறுமையாகக் கேட்கிற முதல் ஆள் நீங்கள்தான். தண்ணீருக்கு நன்றி.

என் அக்காவின் கணவர், எனக்கு அத்தான், பூட்டுத் திறப்பவர். சாவியைத் தொலைத்தவர்கள், சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டவர்கள், இப்படிப்பட்டவர்கள் கூப்பிட்டால் ஆள் அனுப்புவார். ஒரு காலத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரே படியேறினார். முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் இரண்டு ஆட்களை வைத்துக்கொண்டார். ஒருவர் ஒல்லி, இன்னொருவர் மீசை. மீசை என்றைக்கோ மீசையை எடுத்துவிட்டார், பெயர் போகவில்லை. கடையின் முன்பக்கத்தில் சாவி வெட்டும் இயந்திரம். பின்பக்கத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. அந்த அறையில்தான் பத்து வருடமாக நான்.

கடைக்கு ஓர் இணையதளம் உண்டு. அதை வளர்த்தது நான். ஒருவர் தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு ஃபோனில் 'பூட்டு திறக்க ஆள்' என்று தேடுகிறார் என்று வையுங்கள். முதலில் இரண்டு மூன்று வரிகள் வரும். ஓரத்தில் பொடி எழுத்தில் 'விளம்பரம்' என்று போட்டிருக்கும். அது காசு கொடுத்து வாங்கிய இடம். ஒருவர் அழுத்துகிற ஒவ்வொரு முறையும் கடைக்காரர் பையிலிருந்து காசு போகும். அதற்குக் கீழே வருபவை யாரும் காசு கொடுக்காமல், விஷயம் இருக்கிறது என்று தேடுபொறியே எடுத்து வைப்பவை. அதை ஆர்கானிக் என்போம். அந்தக் கீழ் வரிகள்தான் என் வாழ்க்கை.

எழுதி எழுதித்தான் அந்த இடத்தைப் பிடிக்க முடியும். நான் எழுதினேன். மழைக்காலத்தில் மரக்கதவு ஏன் இறுகுகிறது, சாவி பாதியில் உடைந்தால் என்ன செய்யலாம், பழைய பூட்டை மாற்ற வேண்டிய நேரம் எது. யாரும் எழுதச் சொல்லவில்லை. ஒரு வரி கூட வேறு இடத்திலிருந்து எடுத்ததில்லை. படித்துவிட்டு ஒருவர் கடையைக் கூப்பிட்டால் அதற்குக் கன்வர்ஷன் என்று பெயர். வெறுமனே எட்டிப் பார்க்க வந்தவர் வாடிக்கையாளராக மாறுகிறார் அல்லவா, அதைச் சொல்வது. அப்படி மாறியவர்கள் நல்ல மாதிரியான மனிதர்கள். மீசையே சொல்லுவார், 'உங்க கட்டுரையப் படிச்சிட்டுக் கூப்பிடறவங்க வீட்லதான் குடிக்கத் தண்ணி தர்றாங்க' என்று.

பிறகு பாப்பா வந்தாள்.

பாப்பா என் அக்கா மகள். படித்து முடித்து, வெளியில் ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, அப்பாவின் கடையைத் தூக்கி நிறுத்துகிறேன் என்று வந்து சேர்ந்தாள். வளர்ந்து ஆளான பிறகும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றே பெயர். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது நான். பின்னால் பிடித்துக்கொண்டே வருவதாகச் சொல்லிவிட்டு விட்டுவிடுவார்கள் அல்லவா, நான் கடைசிவரை விடவே இல்லை. அதனால் அவள் கற்றுக்கொள்ளக் கொஞ்சம் தாமதமானது. இதைச் சொல்லக் காரணம், அவள்மேல் எனக்கு எந்தக் காழ்ப்பும் இல்லை என்று நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

வந்த வாரமே விளம்பரம் போட்டாள். அந்த வாரமே தொலைபேசி அலறியது. ஒல்லி சாப்பிட நேரமில்லாமல் இன்னும் ஒல்லியானார். அத்தானுக்குச் சந்தோஷம். மகள் செய்வது என்பதால் சந்தோஷம் இரட்டிப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அத்தான் பேச்சை எடுத்தார்.

"மச்சான், தப்பா எடுத்துக்காதே. ரெண்டு பேரும் ஒரே வேலைய ரெண்டு விதமா பண்றீங்க. எது நெஜமா ஆளக் கொண்டுவருதுன்னு பாத்துடலாமா?"

"பாத்துடலாம் அத்தான்," என்றேன்.

"விளம்பரத்துக்கு ஒரு நம்பர். உன் தளத்துக்கு ஒரு நம்பர். எந்த நம்பர்ல கூப்பிட்டு எத்தனை கதவு தொறந்தோம்னு மாசக் கடைசில பேசுவோம். ஜெயிச்ச பக்கம் கடை போகும்."

"தோத்தா மாமா என்ன பண்ணுவாரு?" என்று பாப்பா கேட்டாள். நல்ல மனதோடுதான் கேட்டாள்.

"முன்னாடி சாவி வெட்டற மிஷின் இருக்கில்ல," என்றார் அத்தான், குழம்பை ஊற்றிக்கொண்டே.

அக்கா எனக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அவள் எப்போதும் அப்படித்தான். எனக்கு ஏதாவது கெட்டது நடக்கப்போகிறது என்றால் முதலில் தட்டு நிறைந்துவிடும்.

முதல் மாதம் நான் தோற்றேன். இரண்டாம் மாதமும் தோற்றேன். பாப்பா அதைப் பெரிதுபடுத்தவில்லை. என் அறைக்கு வந்து, மேஜை ஓரத்தில் உட்கார்ந்து, எனக்கு உதவத்தான் பார்த்தாள்.

"மாமா, நீங்க நல்லாத்தான் எழுதறீங்க. ஆனா வாசல்ல நிக்கிறவனுக்குப் படிக்க ஏது மாமா நேரம்? நம்பரைக் கட்டுரைக்கு மேலயே போட்டுடுங்க. எல்லாரும் அடிவரைக்கும் வரமாட்டாங்க."

"மேல போட்டா விளம்பரம் மாதிரி இருக்கும் பாப்பா."

"இருந்தா என்ன மாமா?"

சில விஷயங்களை விளக்க ஆரம்பித்தால் அவற்றின் மதிப்பு குறைந்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு சின்ன விபத்து நடந்தது. என் செருப்பின் அடி பிய்ந்திருந்தது. ஒட்டுவதற்காக அந்தச் சின்னக் குழாயில் வருமே, தொட்டால் விரலோடு ஒட்டிக்கொள்ளும் பசை, அதை வாங்கிச் சட்டைப்பையில் சாவியோடு போட்டிருந்தேன். மூடி சரியாக இல்லை. சாவியெல்லாம் பசை. அது தெரியாமல் வீட்டுக் கதவில் சாவியைப் போட்டுத் திருப்பப் பார்த்தேன். சாவி நுழைந்தது, நுழைந்தபடியே நின்றுவிட்டது. என் மனைவி காய்கறிப் பையோடு படியேறி வந்தாள். நான் பூட்டை ஆராய்ந்துகொண்டிருந்தபோது அவள் பாட்டுக்கு ஃபோனை எடுத்து எதையோ அழுத்தி, ஆளை வரச் சொல்லிவிட்டாள். சிறிது நேரத்தில் மீசை வந்து நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அவள் அழுத்தியது விளம்பரத்தை.

"நம்ம கடையோட விளம்பரத்த ஏன் அமுக்கின?" என்று கேட்டேன். "என்கிட்டயே சொல்லியிருக்கலாமே. அதுக்குக் கீழேயே என் கட்டுரை இருக்கே."

"மொதல்ல வந்துச்சு, அமுக்கினேன். பால் கெட்டுப்போயிடும், நகருங்க," என்றாள்.

என் வீட்டுக் கதவு பாப்பாவின் கணக்கில் ஏறியது. நான் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஆனால் அன்றைக்கு இரண்டு விஷயங்கள் விளங்கின. ஒன்று, மக்கள் எதைத் தேடுகிறார்கள் என்பது அவர்களுக்கு என்ன நடந்தது என்பதைப் பொறுத்தது. சாவி தொலைந்தவர் தேடும் வார்த்தைகள் வேறு, சாவி நுழையாதவர் தேடும் வார்த்தைகள் வேறு. பாப்பா விளம்பரம் வாங்கியிருந்தது முதல் வகைக்கு மட்டும். 'சாவி நுழையவில்லை', 'பூட்டில் பசை' என்று தேடினால் ஒரு விளம்பரமும் வரவில்லை. அந்தத் தெரு முழுக்கக் காலியாக இருந்தது என்று சொல்லலாம். இரண்டாவது விஷயம், அந்தக் குழாயில் பசை இன்னும் பாதிக்கு மேல் இருந்தது.

முதலில் கட்டுரையை எழுதினேன். இது முக்கியம், தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். கதவுகளைத் தொடுவதற்குச் சில வாரங்கள் முன்பே, பிரச்சினைக்குத் தீர்வு சொல்லும் கட்டுரை தளத்தில் இருந்தது. மக்களைத் தவிக்கவிட்டு அப்புறம் மருந்து தேடுகிற ஆள் இல்லை நான். 'சாவி நுழையவில்லையா? பதற்றப்படாதீர்கள்' என்று தலைப்பு. கீழே நகரின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பக்கம். அந்தந்தப் பகுதியில் எந்த வகைக் குடியிருப்பு அதிகம், என்ன பூட்டு போட்டிருப்பார்கள் என்றெல்லாம் நடந்து திரிந்து பார்த்து எழுதினேன். தேடுபொறிக்கு அந்த மாதிரி உழைப்பு பிடிக்கும். மெல்ல மேலே கொண்டுவந்தது.

பிறகு பகலில், ஜனங்கள் வேலைக்குப் போன நேரத்தில், மாடிகளில் ஏறினேன். ஒரு துளி போதும். கையில் ஒரு கோப்பு வைத்துக்கொண்டு போனால் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஒரு வீட்டில் எதிர்வீட்டுக்காரர், "மீட்டர் பாக்க வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, அவர் வீட்டு மீட்டர் வேகமாக ஓடுவதைப் பற்றி நீளமாகக் குறைப்பட்டுக்கொண்டார். நான் கேட்டுக்கொண்டேன். மனுவாக எழுதிக் கொடுங்கள் என்று யோசனையும் சொன்னேன். அவர் கதவை விட்டுவிட்டேன். பழகிய பிறகு கை வராது.

மூன்றாம் மாதம் நான் ஜெயித்தேன். கொஞ்ச நஞ்சமாக அல்ல.

அத்தான் எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். "மச்சான், நீ ஒரு கலைஞன்டா," என்றார். பாப்பாவும் கைதட்டினாள். ஆனால் புருவத்தைச் சுருக்கிக்கொண்டுதான் தட்டினாள்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நீங்கள் நேரில் பார்த்திருக்க வேண்டும். விளம்பரத்தில் வருகிறவர் அவசரக்காரர். விலை கேட்பார், சண்டை போடுவார், திறந்ததும் கதவைச் சாத்திக்கொள்வார். கட்டுரை படித்து வருகிறவர் அப்படி இல்லை. ஏன் இப்படி ஆனது என்று அவருக்குத் தெரியும், யாரோ தன்னிடம் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள் என்ற நிம்மதி இருக்கும். பூட்டையே மாற்றிவிடுங்கள் என்பார். பக்கத்து வீட்டுக்கும் சொல்வார். பல சமயம் பக்கத்து வீட்டுப் பூட்டும் அதே வாரத்தில் கெட்டுப்போயிருக்கும்.

சில சங்கடங்கள் நடந்தன, மறைக்கவில்லை. ஒரு பெண்ணால் வேலைக்கான தேர்வுக்குப் போக முடியாமல் போனது; அவள் சான்றிதழ்கள் உள்ளே இருந்தன. ஒரு தையல்காரர் சொன்ன நாளில் துணி கொடுக்க முடியாமல் ஒரு கடையின் ஆர்டரை இழந்தார். ஒரு வீட்டில் தொட்டிலில் குழந்தையை விட்டுவிட்டுத் தாய் துணி உலர்த்த மேலே போயிருந்தாள். அந்தக் குழந்தை நன்றாக அழுததாக ஒல்லி வந்து சொன்னார். அழுகை நுரையீரலுக்கு நல்லது என்று நான் எங்கோ படித்திருக்கிறேன். மருத்துவமனை, பள்ளிக்கூடம், தீயணைப்பு நிலையம் இவற்றின் பக்கம் நான் போனதே இல்லை. மனிதனுக்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும்.

நான்காம் மாதம் பாப்பா கண்டுபிடித்துவிட்டாள். என்னை அல்ல, அந்த வார்த்தைகளை. 'சாவி நுழையவில்லை' என்று நிறையப் பேர் தேடுகிறார்கள் என்று பார்த்து, அதற்கும் விளம்பரம் வாங்கிவிட்டாள். அதில் தவறில்லை, கெட்டிக்காரப் பெண் செய்ய வேண்டியதுதான். ஆனால் விளைவு என்ன ஆனது தெரியுமா? மக்கள் தேடுவார்கள். என் கட்டுரையைத் திறப்பார்கள், படிப்பார்கள். மனசு லேசாகும். சரி, ஆளைக் கூப்பிடலாம் என்று முடிவெடுப்பார்கள். என் எண் கட்டுரையின் அடியில் இருக்கும். அதுவரை இறங்கிவரப் பொறுமை இருக்காது. திரும்பப் போய் இன்னொரு முறை தேடுவார்கள். மேலே விளம்பரம் நிற்கும். அழுத்துவார்கள். அதிலிருந்த எண்ணைக் கூப்பிடுவார்கள். கணக்கு பாப்பாவுக்கு.

எந்த ஃபோன் முதலில் எந்தப் பக்கத்தைத் திறந்தது, பிறகு எங்கே போனது என்பது தளத்தில் எனக்குத் தெரியும். என் மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மனதை மாற்றியது நான். கை குலுக்கியது அவள். கடைசியாக எதை அழுத்தினார்களோ அதற்குத்தான் மதிப்பெண் என்று அத்தான் வைத்த விதி. கதவருகே நிற்பவனுக்கே வீடு சொந்தம் என்பது போல.

நான் அத்தானிடம் முறையிட்டேன். "மொதல்ல யாரு பேசினாங்கன்னு பாக்கணும் அத்தான்," என்றேன்.

"கதவு தொறந்துச்சா இல்லியா? விடு மச்சான், எல்லாம் நம்ம கடைக்குத்தானே," என்றார்.

மேலும் உழைப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. எண்ணிக்கையைக் கூட்டினேன். அதோடு, தரத்தையும் கூட்ட வேண்டும் என்று பட்டது. அவசரம் அதிகமாக இருக்கும்போது மனிதர்கள் அலைபாய்வதில்லை, முதலில் நம்பியவரைப் பிடித்துக்கொள்வார்கள் என்று கணக்குப் போட்டேன். அவசரம் எங்கே வரும்? உள்ளே ஆள் இருக்கிற வீட்டில். ஆகவே மாடியேறியதும் கதவில் காதை வைத்துக் கேட்கும் பழக்கம் வந்தது. இந்தக் கணக்கு தப்பு என்று இப்போது தெரிகிறது. அவசரத்தில் இருப்பவர்கள்தான் மேலே இருப்பதை அழுத்துகிறார்கள். என் மனைவியைப் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கலாம்.

அந்த வீடு மூன்றாம் மாடி. நீங்கள் ஃபோட்டோவில் காட்டியது அதே கதவுதான், ஆமாம். பச்சை நிறம், பித்தளைக் கைப்பிடி, பக்கத்தில் இரண்டு ஜோடிச் செருப்பு மாட்டும் சின்னச் சட்டம். ஒரு ஜோடி மட்டும் இருந்தது, ஆண் செருப்பு. வெளியே பூட்டிவிட்டுப் போனால் உள்ளேயிருந்தும் சாவியில்லாமல் திறக்க முடியாத வகைப் பூட்டு. நான் காதை வைத்தேன். உள்ளே ஒருவர் இருமினார். நடக்கும்போது எதையோ பிடித்துக்கொண்டு நடப்பவருடைய சத்தம். "வந்துட்டியா?" என்று கேட்டார். என் காலடியைக் கேட்டிருப்பார். நான் பதில் சொல்லவில்லை. பதில் சொன்னால் நான் யார் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

ஒரு துளி வைத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

மற்றதெல்லாம் மீசை சொல்லித் தெரிந்தது, கொஞ்சம் தளத்தில் பார்த்துத் தெரிந்தது. உள்ளே இருமியவர் இதய அறுவை முடிந்து வீட்டுக்கு வந்திருந்தார். மனைவி பள்ளிக்கூடம் ஒன்றில் எழுத்தர். விடுப்பு எடுத்துக்கொண்டு கூட இருந்தார். மாத்திரை வாங்க மருந்துக் கடைக்குப் போயிருக்கிறார். எழுந்து வந்து கதவைத் திறக்கிறேன் என்று அவர் அலைய வேண்டாமே என்று வெளியே பூட்டிக்கொண்டு போயிருக்கிறார். திரும்பி வந்தால் சாவி நுழையவில்லை. உள்ளே கணவருக்கு நெஞ்சு வலி ஆரம்பித்திருக்கிறது.

அந்த அம்மா தேடினார். என் கட்டுரையைத் திறந்தார். முழுவதையும் இல்லாவிட்டாலும் முக்கால்வாசியைப் படித்திருக்கிறார். இது எனக்குத் தளத்திலேயே தெரிந்தது. எதிர்வீட்டுக்காரர் கடப்பாரை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அந்த அம்மா அவர் கையைப் பிடித்துத் தடுத்திருக்கிறார்.

"வேணாங்க, உடைச்சா உள்பூட்டு இறுகிடுமாம். அப்புறம் தொறக்கவே முடியாதாம். இதுல போட்டிருக்கு. ஆள் வர்ற வரைக்கும் காத்திருக்கச் சொல்றாங்க."

ஆமாம், அது நான் எழுதியது. அது முழுப் பொய் இல்லை. சில வகைப் பூட்டுகளில் அப்படி நடப்பதுண்டு. எல்லாக் கட்டுரையிலும் அந்த வரியைச் சேர்த்திருந்தேன், ஏனென்றால் உடைத்துவிட்டால் யாரும் கூப்பிடமாட்டார்கள். ஆனால் நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடப்பாரையோடு ஒருவர் பக்கத்தில் நிற்கும்போது, முகம் தெரியாத ஒருவர் எழுதியதை அந்த அம்மா நம்பினார். எந்த விளம்பரத்தாலும் அப்படி ஒரு நம்பிக்கையை வாங்க முடியாது.

நம்பிவிட்டு, மறுபடி தேடினார். மேலே இருந்ததை அழுத்தினார். பாப்பாவின் எண்ணுக்குக் கூப்பிட்டார்.

ஒல்லி இரண்டு தெரு தள்ளி ஒரு கதவில் இருந்தார். மீசை அதற்குப் பின்தெருவில். இரண்டும் நான் அன்று காலையில் செய்தவை. ஆகவே நேரமானது. அந்த அம்மா மாத்திரைப் பட்டையைக் கதவுக்கு அடியில் தள்ளியிருக்கிறார். "குனிய முடியலம்மா," என்று உள்ளேயிருந்து அவர் சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் இவர் கேள்வி கேட்கக் கேட்க, அவர் "ம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். பிறகு அதுவும் இல்லை. அப்போதுதான் அந்த அம்மா கடப்பாரையைக் கொடுங்கள் என்று கேட்டாராம். மீசையும் அதே நேரம் படியேறி வந்துவிட்டார். மீசை கைதேர்ந்தவர், வந்ததும் திறந்துவிட்டார். உள்ளே இருந்தவர் கதவருகிலேயே உயிரில்லாமல் சாய்ந்து கிடந்தார். மாத்திரை அவர் காலுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது.

மீசை கடைக்கு வந்து பெட்டியை வைத்துவிட்டு, நாளையிலிருந்து வரவில்லை என்றார். அவரை யாரும் குறை சொல்லவில்லை. "அந்த அம்மா எங்கிட்ட நன்றி சொல்லிச்சு," என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாதக் கடைசி வந்தது. அத்தான் இந்தமுறை பேச வேண்டாம் என்றார். பிறகு, பேசி முடித்துவிடலாம் என்று அவரே உட்கார்ந்தார். முன்பக்க ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். அக்கா எல்லோருக்கும் டீ கொண்டுவந்து வைத்தாள். பாப்பா தாழ்ந்த குரலில் வாசித்தாள். விளம்பரம் ஒரு கதவு முன்னால் இருந்தது.

ஒரே ஒரு கதவு. எது என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை.

"அந்தப் பச்சைக் கதவு என்னோடது," என்றேன்.

"இப்ப எதுக்கு மாமா அது?" என்றாள் பாப்பா. "அந்தக் கதவு எனக்கு வேணவே வேணாம். எடுத்துடலாம்."

"எடுக்கக் கூடாது. சேக்கணும். என் பக்கம்."

"அவங்க உங்க கட்டுரை படிச்சாங்கதான். ஆனா கூப்பிட்டது என் நம்பர்ல. எல்லாருக்கும் அந்த விதிதானே வச்சிருக்கோம்?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பச்சைக் கதவுன்னு உங்களுக்கு யாரு சொன்னாங்க?" என்று கேட்டாள்.

அவள் கேட்டது சந்தேகத்தால் அல்ல என்றே நினைக்கிறேன். சும்மா கேட்டாள். நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் விஷயம் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டது. அந்த அம்மா முதலில் என் கட்டுரையைத் திறந்தார் என்பது மட்டும் அவர்களுக்குப் போதவில்லை. அதற்கு முந்தைய படியைச் சொன்னால்தான் வழக்கு முழுமையாகும். அந்தத் தேடலே எங்கிருந்து பிறந்தது என்று காட்டினால் எந்த விதியாலும் மறுக்க முடியாது அல்லவா? ஆகவே சொன்னேன். செருப்பில் ஆரம்பித்து, பசை, பகுதிவாரிப் பக்கங்கள், காதை வைத்துக் கேட்டது வரை எல்லாவற்றையும் முறையாகச் சொன்னேன். கடைசி இரண்டு மாதத்துக் கதவுகளில் எத்தனை உண்மையில் என்னுடையவை என்பதையும் விளக்கினேன். பாப்பா ஜெயித்ததாக நினைத்த கதவுகளிலும் பாதிக்குமேல் என்னுடையவைதான்.

அத்தான் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா எழுந்து வந்தாள். என் முன்னால் வைத்திருந்த டீயைத் திரும்ப எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் அதைக் குடித்திருக்கவில்லை.

உங்களுக்கு ஃபோன் செய்தது அத்தான். ஷட்டரை முழுதாக ஏற்றிவிட்டு, வெளியே நின்று பேசினார். நான் ஓடவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆட்கள் வரும்வரை என் அறையில் உட்கார்ந்து ஒரு கட்டுரையில் இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்தினேன்.

இதுதான் நடந்தது. நான் பசை வைத்தேன். உள்ளே ஆள் இருப்பது தெரிந்தே வைத்தேன். அவர் நலமில்லாதவர் என்பது இருமலிலேயே தெரிந்தது. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள், போடுகிறேன். வக்கீல் வேண்டுமா என்று கேட்டீர்கள், யோசிக்கிறேன்.

நேற்று பாப்பா வந்து என்னைப் பார்த்தாள். உங்கள் ஆட்கள் பத்து நிமிடம் கொடுத்தார்கள், பெரிய மனது. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு வீட்டு விவரம் சொன்னாள். தளத்தை மூடிவிட்டார்களாம். அத்தான் கடைப் பலகையை இறக்கிவிட்டாராம். அந்த அம்மா வீட்டுக்கு அக்கா போயிருந்தாளாம். வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறாள், மணி அடிக்கவில்லையாம்.

"மாமா," என்றாள். "கணக்கை மாத்திட்டேன். அந்தக் கதவை உங்க பேர்ல போட்டுட்டேன். எல்லாக் கதவையும் உங்க பேர்லதான் போட்டிருக்கேன். உங்களுதுதான் மாமா. எல்லாம் உங்களுதுதான்."

நன்றி சொன்னேன். நியாயமான பெண், அதை நான் எப்போதும் சொல்லி வந்திருக்கிறேன். ஆனால் சொல்லி முடித்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படி அழுதாள், காவலர் வந்து தோளைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. சின்னப் பெண்தானே. தோற்றுப்போனதை இன்னும் அவளால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.